சாட்சிப் படம்

இட்லிக்கு ஆயுள் நாற்பது நிமிடம்.
அதற்குமேல் விளிம்பு வறண்டு
ஏரி வற்றிய தரை மாதிரி கோடு விழும்.
பொங்கலுக்கு இருபதுதான்.
நெய் உறைந்துவிட்டால் அது வேறு ஆள்.
பூரியைப் பற்றிப் பேசவே வேண்டாம்,
நான் ட்யூபைப் பிதுக்குவதற்குள்
பெருமூச்சு விட்டுப் படுத்துவிடும்.

சிந்தாதிரிப்பேட்டை, மூன்றாவது மாடி.
கூவம் இருக்கும் பக்கத்து ஜன்னலைத் திறப்பதில்லை.
ஆறு வருடமாக நான் வரைவது சாப்பாடு மட்டும்.
வரைந்த பிறகுதான் சாப்பாடு.
ஆறு வருடமாகச் சூடாக எதையும் தின்றதில்லை.

என்னைத் தோற்கடிப்பது சாம்பார்.
மஞ்சள் என்று நினைத்தால் சிவப்பு.
சிவப்பைத் தொட்டால்
அடியிலிருந்து பருப்பு கலங்கி மேலே வரும்.
திருவல்லிக்கேணி மெஸ்ஸில் ஒரு நிறம்,
மயிலாப்பூரில் வெல்லம் கரைந்த நிறம்,
எழும்பூர் ரயிலடியில்
கடைசிப் பந்திக்காகத் தண்ணீர் ஊற்றி நீட்டிய நிறம்.
பதினேழு காகிதத்தில் கலந்து பார்த்தேன்.
பதினேழும் களிமண்.

ஒருமுறை கண்காட்சியில்
தயிர்சாதத்தின் முன் வெகுநேரம் நின்றவர்
"இமயமலையா?" என்று கேட்டார்.
ஆமாம் என்றேன்.
வாடகை பாக்கி இருந்தது.
ஓரத்து மாவடுவைப் பாறை என்று எண்ணி
இன்னும் மாட்டி வைத்திருப்பார்.

செவ்வாய்க்கிழமை, நல்ல மழை.
மினி டிபனோடு படியேறி வந்த பையன்
பையை வாசலில் வைத்துவிட்டு
போனை உயர்த்தினான்.
"என்னப்பா எடுக்கற?"
"வச்சதுக்கு சாட்சி மேடம்.
இல்லன்னா வரவேயில்லம்பாங்க,
துட்டு என் தலைல."
பேர் தஸ்தகீர். சட்டையிலிருந்து சொட்டியது.
துண்டு கொடுத்தேன்.
துடைத்தபடியே சுவரைப் பார்த்தான்.
"இது காலைல வச்ச சாம்பார் இல்ல.
மத்தியானம் மிஞ்சுனத சுட வச்சது.
மேல எண்ண பிரிஞ்சிருக்கு பாருங்க."

அன்று நான் வரைந்தது மாலை ஐந்து மணிக்கு.
எந்த விமர்சகரும் சொன்னதில்லை.

மழை விடவில்லை. போனைத் தள்ளித் தள்ளிக் காட்டினான்.
வேளச்சேரியில் பச்சைக் கதவு, முன்னால் ஒரு பை.
அண்ணா நகரில் பைமேல் தலைவைத்த பூனை.
புளியந்தோப்பில் படி முங்கிப்போய்
ஜன்னல் கம்பியில் தொங்கும் பை.
பெரம்பூரில் ஒற்றைச் செருப்பு.
வேறு இடமில்லாமல்
கோலத்தின் நடுப்புள்ளியில் ஒன்று.
"துக்க வீடு, பெல் அடிக்காதீர்"
என்று பென்சிலில் எழுதிய அட்டையின் கீழ்
இரண்டு பிரியாணி.
ஆயிரம் இருக்கும்.
ஒன்றிலும் சாப்பாடு தெரியவில்லை.
முடிச்சுதான் தெரிந்தது,
யாரோ அவசரமாகப் போட்ட முடிச்சு.
எல்லாப் படத்திலும் கீழ் ஓரத்தில்
அவனுடைய ஷூ முனை.

"இதையெல்லாம் என்ன பண்ணுவ?"
"மாசக் கடைசில அழிச்சிடுவேன். எடம் பத்தாது."

கடைசியாக ஒரு கதவு.
நீலம், கீழே உப்பிப்போன பலகை,
டர்பென்டைன் டப்பா, சாயம் தெறித்த செருப்பு.
யார் வீடு என்று கேட்க வாயெடுத்தேன்.

ஒரு இட்லி எடுத்துக்கோ என்றேன்.
மணி மூன்றே முக்கால்.
கை நீட்டினான்.
போன் கத்தியது.
நீட்டிய கையாலேயே ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு
இறங்கிவிட்டான்.

வெளியே போய் நின்று
என் கதவைப் பார்த்தேன்.
எவ்வளவு நேரம் என்று தெரியாது.
இட்லி அன்றைக்கும் ஆறியது,
ஒரு கோடும் நான் போடாமலே.

திரும்பி வந்தால்
சாம்பார் பாக்கெட் அடியில் ஒழுகி
பதினெட்டாவது காகிதத்தில் ஒரு வட்டம்.
அந்த நிறம். அதேதான்.
விளக்கைப் போட்டுப் பார்த்தேன்,
அணைத்துவிட்டுப் பார்த்தேன்.

காலையில் எறும்பு.