எரிந்த பின் எடை

நாரஹேன்பிட்டியில் எங்கள் ஆய்வுகூடத்து லிப்ட்
மூன்றாம் மாடியில் நிற்பதில்லை.
மண் படியேறித்தான் வரும்,
சொப்பிங் பையில், ஈரமாக,
பியசீலியின் கையெழுத்தோடு:
தலங்கம, கீழ்வயல், பதினைந்து சென்டிமீற்றர் ஆழம்.

இரண்டு நாள் உலர்த்துவேன்.
வேர் பொறுக்கி, சலித்து,
ஐந்து கிராமை மூசையில் இடுவேன்.
செட்டியார் தெருவிலும் இதே மூசைதான்.
அங்கே தீக்குப் பிறகு மிஞ்சுவது பொன்.
இங்கே மிஞ்சுவது செங்கல்நிறத் தூள்;
காணாமல் போனதற்குத்தான் விலை.

ஐந்நூற்றைம்பது பாகை. நாலு மணித்தியாலம்.
அயலார் தீ வைத்த மாலைகளில்
அவள் எரிக்காமல் பரப்பிய வைக்கோல்,
உமிக்கரி, கிளிரிசீடியா இலை, மூன்று வருடம்,
எல்லாவற்றிலும் ஒரு கரண்டி
நான் எரிக்கிறேன்,
அது அங்கே இருந்தது என்று எழுத.
ஜன்னலால் போகும் ஆவி
பேஸ்லைன் வீதியின் பஸ் புகையோடு சேரும்.
அறிக்கையிலும் ஒரு பேஸ்லைன் உண்டு.
இந்த ஆவி அதில் இல்லை.

துளையிட்ட பிவிசி குழாயொன்று
அவள் வயலில் நிற்கிறது.
குனிந்து பார்ப்பாள்.
நீர் ஒரு சாண் இறங்கும்வரை மடை திறக்கமாட்டாள்.
எந்நேரமும் நீர் நின்றால் சேறு குமிழிவிடும்,
குமிழிக்குள் மீதேன்.
"வயல் ஏப்பம் விடுகிறது" என்றேன்
என் அரைகுறைச் சிங்களத்தில்.
சிரித்துக்கொண்டு வேறொரு சொல் சொன்னாள்.
அதை அறிக்கையில் எழுத முடியாது.

முதல் வருடம் ஒன்று தசம் எட்டு.
இன்று இரண்டு தசம் ஒன்று.
பிழை வரம்பு தசம் மூன்று.
மின்விசிறி சுற்றினாலே தராசு நடுங்கும்;
நிறுத்திவிட்டு, வியர்வையோடு,
மறுபடி நிறுத்தேன்.
இரண்டு தசம் ஒன்று.

கோட்டையில் இருந்து ரிஸ்மின் சேர் எடுத்தார்,
இருபத்தாறாம் மாடி, பின்னால் குளிரூட்டியின் இரைச்சல்.
"வாங்குறவங்களுக்கு ஒரு இலக்கம் வேணும்.
பிழையை அடிக்குறிப்பில போடுங்க, சின்ன எழுத்தில."
பக்கத்து வயலில்
லொறிகள் கப்பிமண் கொட்டத் தொடங்கிவிட்டன,
அது அவருக்கும் தெரியும்.
காசு வந்தால் அவள் விற்கமாட்டாள்.
நல்ல மனிதர். அதுதான் கஷ்டம்.

இரண்டு எண்களையும் ஒரே அளவில் தட்டினேன்.
அனுப்பு என்பதை அழுத்தவில்லை.
சல்லடை கழுவினேன்.
மீதி மண்ணைப்
படிக்கட்டுக் குரோட்டன் சாடியில் கொட்டினேன்.
பிறகு அழுத்தினேன்.

இரவு அவளே எடுத்தாள்: "எவ்வளவு?"
"இரண்டு தசம் ஒன்று.
ஒன்று தசம் எட்டாகவும் இருக்கலாம்.
இன்னும் இரண்டு போகம் பார்க்கவேணும்."

மறுமுனையில் தவளைகள்.
ஏதோ கணக்குப் போடுகிறாள் என்று நினைத்தேன்.
"மழை பிடிக்குது" என்றாள்,
"குழாயைப் பார்த்துட்டு வாறேன்."
போனை வைக்கவில்லை.
சேற்றில் கால் வைத்து எடுக்கும் சத்தம்
ஒவ்வொன்றாக
என் அறைக்குள் வந்தது.