கீழே இன்னொருவர்

மண்முனை இறால் குளத்தில்
தண்ணீர் வற்ற வற்ற
வட்டிக்காரப் பேரின்பத்தின் முழங்கை முதலில் தெரிந்தது.
கொன்றவனை மதியத்துக்குள் பிடித்துவிட்டேன்.
செருப்பெல்லாம் அதே சேறு. லேசான வழக்கு.

பிரேதத்தை ஏற்றும் நேரம்
நளீம் மண்வெட்டியை நிறுத்தினான்:
"சேர், இவருக்குக் கீழ இன்னொருத்தர் கிடக்கார்."

எலும்பு. நைலோன் கயிறு.
இடப்பக்கம் சுற்றி இழுத்த இரட்டை முடிச்சு.
நான் இடக்கைக்காரன்.

"எத்தனை வருசமிருக்கும் சேர்?"
டொக்டர் சொல்லட்டும் என்றேன்.
வருகிற ஆவணிக்கு முப்பத்திரண்டு.
அன்று இங்கே குளமில்லை, கண்ணாக்காடு.
ஜீப் வெளிச்சத்தில் அவன் தண்ணீர் கேட்டான்.
வாவி நாலெட்டுத் தூரம்.
உப்பு என்றேன்.

பெயர் பிறகுதான் தெரிந்தது,
முறைப்பாட்டுப் புத்தகத்தில் நானே எழுதும்போது:
ரூபகாந்தன், வயது பத்தொன்பது,
வெளிநாடு சென்றதாக அறியப்படுகிறது.
அப்போது என் எழுத்து முத்து முத்தாயிருக்கும்.

அவன் அக்கா திலகேஸ்வரி
பொலிஸ் வாசலில் கச்சான் விற்கிறாள்.
எனக்கு மட்டும்
ஒரு பிடி கூடப் போடுவாள்.
நானும் வாங்கித் தின்றிருக்கிறேன்,
சூட்டோடு சூடாக, எத்தனையோ மாலை.

நளீம் படிவத்தை நீட்டுகிறான்.
"அடையாளம் காட்டியவர் எண்ட இடத்தில
என்ன சேர் போட? தெரியாதெண்டு போடவா?"

பேனை
இடக்கைக்கு வந்துவிட்டது.