பதினோரு பேர்

பண்ணை கேட்டார்கள்;
பயிர் முளைப்பதற்குள் துப்பாக்கி கேட்டார்கள்.
துப்பாக்கிக்குச் சத்தம் சேர்த்த வாரம்
ஊரே மிட்டாய் உடைத்துக்கொண்டிருந்தது.

பெருங்குடியில், மூன்றாம் மாடியில், ஆறு பேர் இருந்தோம்.
இப்போது நானும் ரிஸ்வானாவும்,
சித்திரையிலேயே அணைத்துவிட்ட ஏ.சி.யும்.
எட்டு மாதம் துளித்துளியாய் அவள் வரைந்த மழைக்கு
‘தவிர்’ என்றொரு பொத்தான் வைத்தோம்,
பத்து நொடிக்கு மேல் எந்த விரலும் நிற்பதில்லை என்று.

இரவு இரண்டேகாலுக்கு
சர்வரை நிறுத்தப் போனேன்.
உள்ளே பதினோரு பேர்.
அதில் ஒருவன், யாரோ ‘கானாங்கெளுத்தி 77’,
எதையும் சுடாமல், எதையும் சேர்க்காமல்
நாங்கள் கட்டிய வேளச்சேரிப் பாலத்தடியில்
மழை விடட்டுமென்று நின்றுகொண்டிருந்தான்.

கார்டில் ஆயிரத்து நானூறு ரூபாய் இருந்தது,
பெட்ரோலுக்கு வைத்தது.
ஒரு வாரம் வாங்கினேன்.