மரியாதைப் பன்மை

செவ்வாயும் வெள்ளியும்
பதினொன்றே காலுக்கு ரொட்டி வண்டி ஹார்ன் அடிக்கும்.
சில்லறையோடு படியிறங்குவேன்.
கொஞ்சம் கருகினாற்போல் ஒன்று, என்பேன்.
வண்டிக்காரி மழையைப் பற்றிச் சொல்வாள்.
நானும் மழையைப் பற்றிச் சொல்வேன்.
ஹல் நகரில் முப்பது வருடம்
பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவள் நான்,
மழை பேச எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.
வெயில் அடித்தால்தான் வார்த்தை வராது.

போன மாதம் அட்டை புதுப்பிக்க
மாவட்ட அலுவலகம் போனேன்.
"பெயர் லொரேன். பிறந்த ஊர் ஹல்.
எங்கள் மாகாணத்தின் பெயரை வைத்துக்கொண்டு
எங்கே போய்ப் பிறந்தீர்கள், மேடம்?"
கைரேகை இயந்திரம் என் விரல்களை
மூன்று முறை துப்பியது.
கல் சுவருக்குச் சுண்ணாம்பு பூசிப் பூசி
ரேகை தேய்ந்துவிட்டதாம்.
வீடு மட்டும் யாருடையது என்று தெளிவாக இருக்கிறது,
கைதான் யாருடையது என்று தெரியவில்லை.

வேலிக்கு அந்தப் பக்கம் முசியே ஷசேன்.
நாற்பது செம்பழுப்புப் பசுக்கள், ஒரு டிராக்டர்,
லிமோஜில் வேலை பார்க்கும் ஒரு மகன்.
பதினொரு வருடமாக அவருக்கு நான் "நீங்கள்".
முதல் பெயர் அனிசே என்பதுகூட
தபால்காரர் தவறிப் போட்ட
மின்கட்டண ரசீதில் படித்ததுதான்.

என் மொழியில் எல்லாருக்கும் ஒரே சொல்:
ராணிக்கும் அதுதான்,
ரயிலில் காலை மிதித்தவனுக்கும் அதுதான்.
இங்கே இரண்டு.
நாய்க்கு நீ. பசுவுக்கு நீ.
கடவுளுக்கும் நீதான்,
சவ அடக்கத்தன்று மாதா கோயிலில்
காதால் கேட்டேன்.
இந்தப் பட்டியலில் சேர என்ன தகுதி வேண்டும் என்று
யாரைக் கேட்பது?

பிப்ரவரியில் ஓர் இரவு, மணி இரண்டு,
ஜன்னலில் டார்ச் வெளிச்சம்.
"மன்னிக்க வேண்டும், மேடம். டாக்டர் வேறொரு பண்ணையில்.
உங்களுக்கு இரண்டு கை இருக்கிறதல்லவா?"

இரவு உடை மேல் மழைக்கோட்டு,
அதற்கு மேல் இறந்துபோன என் கணவரின் பூட்ஸ்.
கொட்டிலில் ஆவி.
பசுவின் பின்னால் இரண்டு சின்னக் குளம்புகள்,
அவற்றில் கயிறு, கயிற்றின் நுனியில் நான்.

"இழு!
இப்போ இல்லை. இரு. அவள் முக்கட்டும்.
இப்போ! விடாதே,
கீழ்நோக்கி இழு, அட, உன்னைத்தான்,
இழு!"

நனைந்த கம்பளிக்கோட்டு கொக்கியிலிருந்து நழுவி விழுவதுபோல்
கன்று என் மடியில் விழுந்தது.
மூச்சில்லை.
அவர் ஒரு வைக்கோலை எடுத்து
அதன் மூக்குக்குள் விட்டார்.
தும்மியது.
என் முகம் முழுக்க.

கடுகு ஜாடியே கிளாஸாகிவிட்ட ஒன்றில்
பிளம் சாராயம் ஊற்றிக் கொடுத்தார்.
இருவரும் ஒன்றும் பேசவில்லை.
வேலி தாண்டி வரும்போதுதான் உறைத்தது.
படுக்கையில் படுத்து எண்ணிப் பார்த்தேன்:
ஒன்பது முறை.
"உன்னைத்தான்" என்பதையும் சேர்த்தால் பத்து.

வெள்ளிக்கிழமை ரொட்டி வண்டியருகே
தொப்பியைத் தொட்டார்.
"நன்றாக உறங்கினீர்களா, மேடம்?"
"உறங்கினேன், முசியே. உங்களுக்கு?"
வண்டிக்காரி எங்களைப் பார்த்தாள்,
பிறகு வானத்தைப் பார்த்தாள்.

கன்றுக்கு என்ன பெயர் என்று கேட்டேன்.
"பெயரா? காளைக்கன்று, மேடம்.
இலையுதிர் காலத்தில் இத்தாலிக்குப் போகிறது.
காதில் எண் இருக்கிறது, போதாதா?"
என்னிடமும் ஒன்று இருக்கிறது என்றேன்,
பத்து இலக்கம், அட்டையில்.
அவர் சிரித்ததாகத்தான் நினைக்கிறேன்.
அந்த மீசைக்குப் பின்னால் உறுதியாகச் சொல்ல முடியாது.

இப்போதெல்லாம் யாரும் பார்க்காதபோது
வேலியோரம் போய் நிற்கிறேன்.
அவர்கள் மொழியில் அதனிடம் பேசிப் பார்க்கிறேன்:
நீ தின்றாயா.
உனக்குக் குளிர்கிறதா.
நீ எங்கே போகப்போகிறாய் தெரியுமா.

விகுதியில் இரண்டு இடம் தப்பு,
சொன்ன பிறகுதான் தெரிகிறது.
கன்று திருத்துவதில்லை.
என் கோட்டுப் பொத்தானைச் சப்பிக்கொண்டிருக்கிறது.