ஏழாவது இடுப்பு

ஹட்டன் கடையில் இஃப்ராஸ் கட்டைகளைக்
கிலோக் கணக்கில் நிறுத்துத் தருவான்,
தேயிலைத்தூள் மாதிரி.
யாரோ விளையாடி முடித்து, கொள்கலனில் வந்தவை.
கை ஒரு பெட்டியுடையது, கால் இன்னொன்றுடையது,
எந்தப் பெட்டியும் முழுசாக இல்லை.
ஒரு தலையில் பல் தடம்.
எந்த நாட்டுப் பிள்ளையோ, நல்ல பல்.

தலவாக்கலை ஸ்டேஷன் வாசலில்
வரிசையில் என் த்ரீவீல் ஒன்பதாவது.
பதுளை ரயில் வரும்வரை
பின்சீட்டில் பலகை போட்டு உட்கார்ந்திருப்பேன்.
முன்வண்டி நகர்ந்தால்
மடியில் கிடப்பதையெல்லாம் தொப்பிக்குள் அள்ளிப் போட்டு
வண்டியை ஓரடி தள்ளிவிட்டு
மறுபடி உட்காருவேன்.

இவன் முதலில் விண்வெளி வீரன்.
கொம்பு இரண்டு, கையில் ஒளிவாள், முதுகில் சிவப்புத் துணி.
நெஞ்சை நிமிர்த்தி நிற்பதைத் தவிர
வேறு வேலை தெரியாது.
இடுப்பு ஒரே கட்டை.
குனிய வேண்டிய தேவையே வராத இடத்தில்
செய்திருக்கிறார்கள்.

எனக்கு வேண்டியவன் கவ்வாத்து வெட்டுகிறவன்.

கொம்பைக் கழற்றுவது சுலபம்.
வாளை எடுத்துவிட்டு, வளைந்த சாம்பல் துண்டு ஒன்றைச் செருகினால்
கத்தி.
துணியை முன்பக்கம் திருப்பிக் கட்டினால்
படங்கு.
இடுப்புத்தான்.

ஒற்றைப் பந்து மூட்டு போட்டேன், தொங்கிப்போனான்.
இரண்டு போட்டேன், குனிந்தவன் நிமிர மாட்டேன் என்றான்.
பல் வைத்த மூட்டு கடகடவென்று நல்ல சத்தம்,
ஆனால் சம்பள நாள் ராத்திரி மாதிரி
பக்கவாட்டில் சாய்ந்தான்.
நாலாவதின் மேல் தவராணி ரொட்டித் தட்டை வைத்தாள்.
தெரியாமல்தான் என்கிறாள்.
ஐந்து, ஆறு பற்றிச் சொல்வதற்கில்லை.

ஏழாவதுக்கு, கழுத்துக்கென்று வந்த துண்டை
இடுப்பில் வைத்து அழுத்தினேன்.
சடக்.
குனிந்தான். விட்ட கோணத்திலேயே நின்றான்.

நின்றான் என்றா சொன்னேன்?
பலகையில் வைத்ததும் குப்புற விழுந்தான்.
தூக்கி வைத்தேன், விழுந்தான்.
பாதத்தைப் பெரிதாக்கினேன்.
பெரிய பாதத்தோடு விழுந்தான்.

அன்றைக்கு மெராயாவுக்கு ஹயர் வந்தவன் மரியசூசை,
எட்டாம் வகுப்புவரை என் பெஞ்சு.
சாக்கில் சுற்றிய கத்தி மடியில்.
இறங்கிக் காசு எண்ணும்போது இதைப் பார்த்தான்.
"யார்டா இது?"
"யாருமில்ல."
"இடது கைக்காரனா?"
அதுவரை நான் கவனிக்கவில்லை.
"எங்க வச்சாலும் விழுறான்" என்றேன்.
"பின்ன? சமதரையிலயா நாங்க வெட்டுறோம்?"

கான் ஓரத்து மண்சரிவில்
முகம் மேட்டைப் பார்க்க
வைத்துவிட்டு விரலை எடுத்தான்.
நின்றான்.
தூறலில் நின்றான். லொறி ஒன்று உறுமிக்கொண்டு ஏறியது,
அதற்கும் நின்றான்.
மரியசூசை கொஞ்ச நேரம் பார்த்தான்.
இருபது ரூபா குறையுது, பிறகு தாறேன் என்று
குறுக்குப் பாதையில் ஏறிப் போய்விட்டான்.

அன்றிரவே பழைய சின்னப் பாதத்தை மாட்டினேன்.

இஃப்ராஸ் பத்து கேட்கிறான்,
மேசையில் வைக்கிற மாதிரி.
மேசையில் நிற்க மாட்டான்.
"அப்ப அது பிழைதானே?"
மேசைதான் பிழை என்றேன். வியாபாரம் முறிந்தது.

இப்போது முன்கண்ணாடிக்குக் கீழே இருக்கிறான்.
லிந்துலைக்கு ஏறும்போது
குழியில் வண்டி குதித்தாலும் அசைய மாட்டான்.
இறக்கத்தில் முதல் வளைவிலேயே சரி.
பாலத்தில், பெற்றோல் செட்டில், ஸ்டேஷன் வாசலில்,
சமமான இடம் எங்கே வந்தாலும்
கண்ணாடியில் நெற்றி இடித்து விழுவான்.
எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வேன்.
சில்லறைக்குத் துழாவும்போது
கத்தி குத்தும்.