பதினோராவது கம்பளி

சூரியன் வந்துவிட்டது.
கைதட்டினார்கள். ஒருவர் அழுதார்.
கொரியாக்காரர்கள் மூன்று பாட்டுப் பாடினார்கள்.
பிறகு எல்லோருக்கும் ஒரே நேரத்தில்
பசி நினைவுக்கு வந்தது.

ஜெபல் மூசாவின் உச்சி
காலியாகக் கால்மணி போதும்.
வாடகைக் கம்பளிகளை எண்ணுகிறேன்.
பத்து.
உதறி மடித்து மறுபடி எண்ணுகிறேன்.
பத்துதான்.

களவு செய்யாதே என்ற சொல்
கல்லில் ஏறி இறங்கிய மலை இது.
மாதம் ஒரு கம்பளி
இங்கேதான் காணாமல் போகிறது.

போனது சிவப்பு.
மூலையில் நீலப் பொத்தான்,
அடையாளத்துக்கு சபீஹா தைத்தது.
வீட்டில் அவள் கேட்கப்போவது
இப்போதே காதில் விழுகிறது:
யார் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தீர்?

குடிசையைப் பூட்டி இறங்குகிறேன்.
இருட்டில் டார்ச் பிடித்து
குதித்துக் குதித்து ஏறியவர்கள்
இப்போதுதான் பள்ளத்தைப் பார்க்கிறார்கள்.
இந்த விளிம்பிலா நடந்தோம்?
பாறையோடு ஒட்டி
நண்டுபோல் பக்கவாட்டில் நகர்கிறார்கள்.
ஒரு பாதிரியார் உட்கார்ந்தே இறங்குகிறார்.
மலை மாதுளைத்தோல் நிறத்தில் இருந்தது
கொஞ்ச நேரம்.
அப்புறம் வெறும் கல்.

கீழே, ஒட்டகப் பாதையின் மூன்றாம் வளைவில்
ஒரு சிவப்புப் புள்ளி.

கத்தினால் கேட்கும்.
எந்த மொழியில் கத்துவது?

ஒட்டகப் பாதை
வெயிலில் புரளும் பாம்பு, அவசரமே கிடையாது.
படிவழி நேர்வழி, மூவாயிரம் படி.
பாவம் தீர ஒரு துறவி
தனியாளாய் அடுக்கினாராம்.
என்ன பாவமோ,
என் முழங்கால்தான் இன்னும் அடைத்துக்கொண்டிருக்கிறது.

படிக்குப் படி சொல்லிப் பார்த்தேன்.
அம்மா, அது என்னுடையது.
அம்மாவை விட்டேன்.
அது என்னுடையது.
பாதி வழியில் அது திருடி என்றானது.
கல்வளைவு வாசல் தாண்டுகையில்
கம்பளி விலையை எட்டு இரவு வாடகையால்
வகுத்துக்கொண்டிருந்தேன்.

மடத்தின் பின்சுவரருகே
இரண்டு வழியும் சேரும் இடத்தில் நின்றேன்.
தூசி முகங்கள் வந்தன,
செருப்பைக் கையில் பிடித்தவர்கள்,
தண்ணீர் கேட்டவர்கள்.

பிறகு ஒரு முதுகு வந்தது.

சிவப்பு முதுகு. நீலப் பொத்தான்.
முகம் மலைப்பக்கம்.
குதிகாலால் தரையைத் தடவித் தடவி
பின்புறமாக இறங்கிக்கொண்டிருந்தாள்
ஒரு பெரிய உடம்புக்காரி.

மலைக்கு முதுகு காட்டமாட்டேனென்று
வேண்டுதலாம் என்றான் ஒரு மாணவன்,
சிலுவை போட்டுக்கொண்டான்.

வழிகாட்டி ஈத் சிரித்தான்.
முட்டி, அத்வா, முட்டி.
முன்னால் இறங்கினால் உயிர் போகிறதாம்.
உச்சியிலிருந்து இப்படித்தான்.
மூன்று மணி நேரமாக நான்
இடது வலது சொல்லிச் சொல்லி
தொண்டை கட்டிவிட்டது.
ஸ்மரந்தா! நில்! ஆள்!

அவள் நிற்கவில்லை.
என் மார்பில் வந்து மோதினாள்.

திரும்பினாள். என்னைப் பார்த்தாள்,
தோளைப் பார்த்தாள்,
வாயைப் பொத்திக்கொண்டாள்.
அவள் மொழியில் மறந்துபோனேன் என்பதற்கு
நீளமான வார்த்தை போலிருக்கிறது.
உருவிக் கொடுத்தாள்.
உள்ளே மெல்லிய சட்டை,
தோளிலிருந்து ஆவி எழுந்தது.

நூறு பவுண்ட் நோட்டு ஒன்றை நீட்டினாள்.
திருடி என்ற சொல்
எங்கோ இரண்டாயிரத்துச் சொச்சமாவது படியில்
விழுந்து கிடந்திருக்க வேண்டும்,
நாக்கில் இல்லை.
பகல் வாடகை என்று ஒன்று கிடையாது.
ஆனாலும் ஐம்பது எடுத்துக்கொண்டேன்.
மீதிக்குச் சில்லறை
ஒட்டகக்காரன் தந்தான்,
அவனுக்கும் இரண்டு போனது.

பேருந்தில் ஏறும்போது
முன்னால்தான் ஏறினாள்.

இருபத்தாறு வருடமாக இறங்குகிறேன்.
காலடிக் கல்லைத் தெரியும் எனக்கு,
எது ஆடும், எது வழுக்கும்.
இறங்கும்போது மலை எப்படி இருக்குமென்று
யாராவது கேட்டால்
ஈத்தைத்தான் கேட்கவேண்டும்,
அவனும் அவள் குதிகாலைத்தான் பார்த்திருப்பான்.

கம்பளியில் வேறு ஊர் சோப்பு வாசனை.
சுவரோரம் யாரும் இல்லை.
அதை அக்குளில் இடுக்கி,
உச்சியைப் பார்த்து நின்று,
ஓரடி பின்வைத்தேன்.
இன்னொன்று. இன்னொன்று.

எட்டாவது அடியில் ஒட்டகம்.