ஆறும் ஒன்பதும்

பாட்டு எண் பலகை என் பொறுப்பு.
பிஸ்கட் டப்பாவில் இலக்கங்கள்,
தகரத்தில் வெட்டி வெள்ளை அடித்தவை.
ஆறுக்கும் ஒன்பதுக்கும் ஒரே தகடுதான்.
திருப்பி மாட்டினால் தீர்ந்தது,
தகரம் மிச்சம் என்று
எனக்கு முன்பிருந்தவர் கணக்குப் போட்டிருக்கிறார்.

ராணிப்பேட்டையில் சனிக்கிழமை வெயில்
ஆறு மணிக்கும் சுவரை விட்டு இறங்காது.
அந்நேரம் கெத்சியாள் வருவாள்,
சிப்காட் ஷூ கம்பெனி வேன்
தெருமுனையில் இறக்கிவிட்ட கையோடு.
கழுத்தில் அடையாள அட்டை,
விரல் நுனியில் பசை, தோல் வாசனை.
முதலில் கையைக் கழுவுவாள்.
பிறகு கால் ஆர்மோனியத்தைத் திறந்துவைத்துக்கொண்டு
வாசிக்காமல் உட்கார்ந்திருப்பாள்.
பாட்டின் சொற்களைப் படிக்கிறாள். உதடு மட்டும் அசையும்.
"எங்க மூச்சு வாங்குவாங்கன்னு பார்க்கிறேன்" என்பாள்,
கேட்டால்.
கேட்காவிட்டால் அதுவும் இல்லை.

மூன்றாம் பெஞ்சு ஜீவரத்தினம் ஐயாவுக்கு ஆஸ்துமா.
கடைசிச் சரணத்துக்கு முன்
அவருக்கென்று அரை நொடி எப்போதும் உண்டு.
அவருக்கு அது தெரியாது.

எண் பலகைக்குக் கீழே என் இடம்.
அங்கிருந்து அவள் பாதங்கள் மட்டும் தெரியும்.
சபை பார்ப்பது விரல்களை.
காற்று காலில் இருக்கிறது.

மே மாதம், மின்வாரியக் கம்பத்தில் ஏறிய
பிலேமோன் இறங்கவில்லை.
முப்பத்தொரு வயது.
அடக்க ஆராதனை அன்று கரண்டும் இல்லை.
ஆயர் சொன்ன எண் இரண்டு பெஞ்சைத் தாண்டவில்லை;
மற்றவர்கள் பலகையைப் பார்த்தார்கள்.
பலகையில் எண்பத்தொன்பது.
நான் மாட்ட வேண்டியது எண்பத்தாறு.

எண்பத்தொன்பது அறுப்பின் பண்டிகைப் பாட்டு.
களம் நிறைந்தது, கூடை வழிந்தது என்று போகும்.
பின்னால் ஒரு பையன் முதல் வரியை
வாய்விட்டுப் படித்துவிட்டு
பாதியில் நிறுத்திக்கொண்டான்.

கெத்சியாள் பலகையைப் பார்த்தாள்.
பிறகு என்னை.
பிறகு கீழ் ஸ்தாயியில்
ஒரே ஒரு கட்டையை அழுத்தினாள்.
விடவில்லை.
பாதம் ஏறி இறங்கியது, ஏறி இறங்கியது.
நான் ஸ்டூலை இழுத்தேன்,
அதன் கீச்சொலி அந்த ஓசைக்குள் போயிற்று.
ஏறினேன். தகட்டைத் திருப்பினேன்.
இறங்கி உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.
அந்த ஸ்வரம் அப்போதும் இருந்தது.

காலையிலிருந்து அழாமல் வெறித்திருந்த
பிலேமோனின் மனைவி மெர்லின்
அதில் தலை சாய்த்தது போல்
அழத் தொடங்கியிருந்தாள்.
என் தவறு திருந்தியாயிற்று, பாட்டைத் தொடங்கலாம்.
கெத்சியாள் தொடங்கவில்லை.
வாலாஜா ரோட்டில் ரயில் ஊதிவிட்டுப் போனது.
அழுகை ஒரு மூச்சுக்கு நின்ற இடத்தில்
எண்பத்தாறு, மெதுவாக.

ஜூனில் கமிட்டி.
"நல்லாத்தான் வாசிக்குது இந்தப் பொண்ணு,
இன்னாத்துக்கு இவ்ளோ லேட்டு?
அன்னிக்கு அடக்கத்துல
ஒரே கட்டையைப் புடிச்சிக்கினு இருந்துச்சே,
மறந்துபோச்சா?" என்றார் பொருளாளர்.
தாளம் தானாக விழும் கீபோர்டு வாங்கினால்
எல்லாம் நேரத்துக்கு நடக்கும் என்றார்.
ஆயர் என் பக்கம் திரும்பினார்.
வாய் நிறைய டீ இருந்தது.
அதனால்தான் பேசவில்லை என்று
இன்னமும் எனக்குச் சொல்லிக்கொள்கிறேன்.

வேலூரிலிருந்து கீபோர்டு வந்தது.
அவளேதான் வாசிக்கிறாள்.
டிரம், தபேலா என்று எழுதிய பொத்தான்கள்மேல்
கம்பெனியில் விரலுக்குச் சுற்றும் பிளாஸ்டரை
நீளமாக ஒட்டியிருக்கிறாள்.
கிறிஸ்துமசுக்குப் பிரிப்பாளாம்,
பிள்ளைகள் குதிக்க வேண்டுமே.
இதற்குக் காற்று வேண்டாம், மிதி இல்லை.
ஆனாலும் கடைசிச் சரணத்துக்கு முன்
மேசைக்கடியில் அவள் பாதம்
ஒருமுறை ஏறி இறங்குகிறது.

போன சனிக்கிழமை
ஆறின் அடியில் சிவப்புப் பெயிண்டில்
ஒரு கோடு இழுத்தேன்.
கொண்டுபோய்க் காட்டினேன்.
அவளிடம் நான் கேட்ட மன்னிப்பு அவ்வளவுதான்.
தகட்டை வாங்கித் தலைகீழாகப் பிடித்தாள்.
"ஒன்பதா மாட்டினா கோடு மேல வருமே,
அப்ப என்ன அர்த்தம்?" என்றாள்.
சிரித்தாள்.
கை கழுவப் போய்விட்டாள்.